“திரும்பச் சொல்லுங்கள்” என்று கேட்டவர் மீது குற்றமா?

தென் மாவட்டத்து ஊர் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி எட்டுப் பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். ஊர், பெயர், தேதி எல்லாவற்றையும் நீக்கிவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவருடைய கணவர் 17 ஆண்டுகளாகத் தீயணைப்பு வீரர். மூன்று மாதங்களுக்கு முன் ஓர் இரவு, கடைவீதியில் பழைய மூன்று மாடிக் கட்டடத்தில் இருந்த ஜவுளிக் கிடங்கு தீப்பற்றியது. மூச்சுக்கருவி மாட்டிக்கொண்டு இரண்டு வீரர்கள் உள்ளே போனார்கள். இவருடைய கணவர் கையில் வாக்கி டாக்கியோடு வாசலில் நின்றார். நாலடி தள்ளி வண்டியின் பம்பு முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. சற்று நேரத்தில் உள்ளேயிருந்து கரகரவென்று ஒரு குரல் வந்தது. என்ன சொல் என்று பிடிபடவில்லை. “திரும்பச் சொல்லுங்கள்” என்று மூன்று முறை கேட்டிருக்கிறார். பதில் இல்லை. கட்டடத்தின் பின்பக்கம் நின்றிருந்த நிலைய அலுவலரை வாக்கி டாக்கியில் அழைத்தார். அதற்கும் பதில் இல்லை. நேரில் சொல்ல ஓடினார். திரும்பி வருவதற்குள் இரண்டாம் மாடித் தளத்தில் ஒரு பகுதி சரிந்துவிட்டது. உள்ளே போனவர்களில் ஒருவர் தவழ்ந்து வெளியே வந்தார். மற்றவர் வரவில்லை. அவருக்கு 34 வயது. இரண்டு குடும்பங்களும் ஒரே தெருவில் குடியிருக்கின்றன.

இப்போது துறை விசாரணை நடக்கிறது. மூத்தவர் ஒருவர் வீட்டுக்கே வந்து, “தொலைத்தொடர்புச் சாதனங்கள் நல்ல நிலையில் இயங்கின” என்று தட்டச்சு செய்த தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்டிருக்கிறார். கணவர் இன்னும் போடவில்லை. 11 நாளில் அவரை விசாரணைக்கு அழைத்திருக்கிறார்கள். இறந்தவரின் மனைவி ஒருநாள் வீட்டுக்கு வந்து, “கடைசியில அவர் உங்களைக் கூப்பிட்டாரா அண்ணா?” என்று கேட்டபோது, கணவர் எழுந்து கொல்லைப்புறம் போனவர் இருட்டும் வரை உள்ளே வரவில்லையாம்.

கணவர் மீது வழக்கு வருமா, கையெழுத்துப் போடாவிட்டால் வேலை போகுமா, வாக்கி டாக்கி பழுது என்று வெளியே வந்தால் இறந்தவர் குடும்பத்துக்கு வரவேண்டிய பணம் நின்றுவிடுமா, எதிர்மாடியிலிருந்து ஒரு பையன் எடுத்த 43 விநாடி வீடியோவைத் தொலைக்காட்சிக்குக் கொடுத்துவிடலாமா, வேலையை விட்டுவிடுகிறேன் என்கிறவரை எப்படித் தடுப்பது. இவ்வளவும் கேட்டுவிட்டு, கடைசிப் பக்கத்தின் அடியில் வேறு மையில் ஒரு வரி எழுதியிருக்கிறார்: “இவர் காதில் சரியாக விழுந்திருந்தால் அந்தத் தம்பி பிழைத்திருப்பான், இல்லையா?”

அன்புள்ள சகோதரி,

அந்தக் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன். மற்ற கேள்விகளுக்கெல்லாம் சட்டத்தில் பதில் உண்டு. உங்கள் வீட்டில் மூன்று மாதமாக யாரையும் தூங்கவிடாத கேள்வி இதுதான்.

பிழைத்திருப்பாரா என்பதை எந்த நீதிமன்றமும் சொல்லிவிட முடியாது. தளம் எந்த நொடியில் சரியப்போகிறது என்று அந்த இரவில் யாருக்கும் தெரியாது. ஆனால் சட்டம் கேட்கும் கேள்வி வேறு. அந்த இடத்தில், அந்தக் கருவியோடு, அந்தப் பயிற்சியோடு நின்ற ஒருவர் செய்திருக்க வேண்டியதை உங்கள் கணவர் செய்தாரா? குரல் வந்தது, மூன்று முறை திரும்பக் கேட்டார், அலுவலரை அழைத்தார், கிடைக்கவில்லை, நேரில் ஓடினார். உங்கள் கடிதத்தில் இருப்பதை வைத்துப் பார்த்தால், தன் கையில் இருந்த வழிகளை அவர் ஒவ்வொன்றாக முயன்றிருக்கிறார். ஒருவர் காதில் ஒரு சொல் பிடிபடாமல் போனது கவனக்குறைவு ஆகாது.

காதில் விழாமல் போவது எப்படி

நீங்கள் கடிதம் முழுக்க “பழுதான வாக்கி டாக்கி” என்றே எழுதியிருக்கிறீர்கள். இதை மெதுவாகத் திருத்த வேண்டியிருக்கிறது. அது பழுது என்று உங்கள் கணவருக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. குரல் தெளிவாக வரவில்லை என்பது மட்டும்தான் தெரியும். தடித்த சுவரும் கான்கிரீட்டும் இரும்பும் அலையை விழுங்கியிருக்கலாம். முகமூடிக்குள்ளிருந்து பேசும் குரல், பானைக்குள் பேசுவது போலத்தான் வெளியே வரும். பொத்தானை அழுத்திய கையோடு பேசத் தொடங்கினால் முதல் சொல் அறுந்துபோகும். ஒரே அலைவரிசையில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் அழுத்தினால் இரண்டு பேச்சும் சிதையும். பேட்டரி இறங்கியிருக்கலாம். இவை எதுவுமே இல்லாமல், நாலடியில் ஓடிய பம்பின் இரைச்சலே காரணமாகவும் இருக்கலாம். இதை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்பது அந்தத் தாளைப் பற்றிச் சொல்லும்போது புரியும்.

உங்கள் கணவர் தனக்கு மட்டும் நேர்ந்தது என்று நினைத்துக்கொண்டிருப்பதால், இரண்டு சம்பவங்களைச் சொல்கிறேன். அவரிடம் படித்துக் காட்டுங்கள்.

1988 ஜூலை 1. அமெரிக்காவில் நியூஜெர்சி மாநிலத்து ஹேக்கன்சாக் நகரம். கார் விற்பனை நிலையம் ஒன்றில் தீ. வில் போல் வளைந்த மரச்சட்டங்கள் தாங்கிய கூரை இடிந்து விழுந்து 5 வீரர்கள் இறந்தார்கள். அவர்களில் இருவர் கூரை விழுந்தபோது சாகவில்லை. பக்கத்திலிருந்த கருவி அறைக்குள் ஒதுங்கிக்கொண்டு, மூச்சுக்கருவியில் காற்று தீரும்வரை வானொலியில் உதவி கேட்டுக்கொண்டே இருந்தார்கள். தீயிடத்துப் பேச்சு, கட்டுப்பாட்டு அறைப் பேச்சு எல்லாம் ஒரே அலைவரிசையில் நெரிந்துகொண்டிருந்தன. வெளியே பொறுப்பில் இருந்தவர்களுக்கு அந்த அழைப்பு போய்ச் சேரவில்லை. ஆனால் ஊருக்குள் தத்தம் வீட்டில் ஸ்கேனர் (பிறர் வானொலிப் பேச்சைக் கேட்க உதவும் கருவி) வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்குக் கேட்டது. சிலர் தீயணைப்பு நிலையத்துக்குத் தொலைபேசி செய்தே சொன்னார்கள். வாசலில் நின்றவர்களுக்குக் கேட்காத குரல் வீட்டுக் கூடத்தில் கேட்டது என்றால், வாசலில் நின்றவர்களின் காதில் குறை இருந்தது என்றா சொல்வோம்? அலைவரிசையைப் பிரித்துக் கொடுக்காத ஏற்பாட்டில்தான் குறை.

இன்னொன்று, 2001 செப்டம்பர் 11. நியூயார்க் உலக வர்த்தக மையத்தின் இரட்டைக் கோபுரங்களில் விமானங்கள் மோதிய நாள். அன்று 343 தீயணைப்புத் துறையினர் இறந்தார்கள். 1993 குண்டுவெடிப்புக்குப் பிறகு, உயர மாடிகளுக்கு வானொலி எட்டுவதற்காக அங்கே ரிப்பீட்டர் (வரும் அலையை வாங்கி வலுவாக்கித் திரும்ப அனுப்பும் கருவி) ஒன்றைப் பொருத்தியிருந்தார்கள். அன்று காலை வடக்குக் கோபுரத்தின் தரைத்தளத்தில் அதிகாரிகள் அதைச் சோதித்துப் பார்த்து, வேலை செய்யவில்லை என்று கைவிட்டார்கள். பின்னால் விசாரணை ஆணையம் தோண்டிப் பார்த்தபோது, ரிப்பீட்டர் இயங்கிக்கொண்டுதான் இருந்தது தெரிந்தது. மேசையில் இருந்த பேசும் கருவியை இயக்குவதற்கான இரண்டாவது பொத்தானை யாரும் அழுத்தவில்லை, அவ்வளவுதான். தெற்குக் கோபுரத்தில் ஏறியவர்கள் அதே அலைவரிசையில் பேசினார்கள். காலை 9:59க்குத் தெற்குக் கோபுரம் விழுந்தது. வடக்குக் கோபுரம் 10:28க்கு விழுந்தது. இடையில் வெளியேறச் சொல்லி உத்தரவு போயிற்று. சிலருக்கு அது கேட்கவே இல்லை.

அன்று சாதனம் பழுதாகவில்லை. அதை இயக்குவது எப்படி என்பது பதற்றமான நேரத்தில் கைக்கு வரும்படி பழக்கப்படுத்தப்படவில்லை. ஆகவே உங்கள் ஊர் விபத்திலும் “வாக்கி டாக்கி ஓடியதா, இல்லையா” என்ற ஒற்றைக் கேள்வியில் விசாரணை முடங்கிவிடக் கூடாது. நான் கேட்க விரும்பும் கேள்விகள் வேறு. உள்ளே போகுமுன் பேசிச் சோதித்தார்களா? யார் எத்தனை மணிக்கு உள்ளே போனார், சிலிண்டரில் எவ்வளவு அழுத்தம், எத்தனை மணிக்கு எச்சரிக்கை விசில் அடிக்கும் என்று வாசலில் பலகையில் எழுத ஓர் ஆள் இருந்தாரா? வழிகாட்டும் கயிறு கட்டியிருந்தார்களா? வானொலி கைவிட்டால் வெளியே வரச் சொல்ல விசில், ஹாரன் என்று ஏதாவது அடையாளம் பேசிவைத்திருந்தார்களா? உள்ளே இருவர் இருந்தால் அவர்களை மீட்கவென்றே வெளியே இருவர் முழுத் தயார்நிலையில் நிற்க வேண்டும் என்பது அமெரிக்காவில் 1998 முதல் விதி. உங்கள் கணவர் ஒரே ஆள். வாசலைப் பார்க்கவும் அவர்தான், அலுவலரைத் தேடி ஓடவும் அவர்தான். உள்ளே போனவர்களுக்கும் வெளியே நின்றவர்களுக்கும் நடுவில் இருந்த ஒரே இழை அந்த வாக்கி டாக்கி என்றால், அது கரகரப்பதற்கு முன்பே ஏற்பாடு தோற்றுவிட்டது.

வழக்கு வருமா

கவனக்குறைவால் மரணம் விளைவிப்பது பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் சட்டத்தின் 106(1) பிரிவு. 5 ஆண்டு வரை சிறைத் தண்டனை. அந்தப் பிரிவை எஃப்.ஐ.ஆரில் பார்த்ததும் நீங்கள் பயந்திருக்கிறீர்கள். கட்டட உரிமையாளர் மீதுதான் அது போடப்பட்டிருக்கிறது. படிக்கட்டு முழுக்க ஜவுளி மூட்டை அடுக்கியிருந்தது, பின்வாசலைச் செங்கல் வைத்து அடைத்திருந்தார்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். 1997 ஜூன் 13 அன்று டெல்லி உபஹார் திரையரங்கில் 59 பேர் இறந்த வழக்கிலும் உரிமையாளர்களின் குற்றம் உச்ச நீதிமன்றம் வரை போய் உறுதியானது. கும்பகோணம் பள்ளித் தீ விபத்தில் (2004 ஜூலை 16, 94 குழந்தைகள்) முதல் குற்றவாளியாக நின்றவர் பள்ளியை நடத்தியவர்.

உங்கள் கணவர் நிலையில் உள்ளவர்களுக்குப் பொருந்தும் தீர்ப்பு ஒன்று உண்டு. 2005இல் உச்ச நீதிமன்றம் வழங்கிய ஜேக்கப் மேத்யூ தீர்ப்பு. அது மருத்துவர் வழக்கு. மூச்சுத் திணறிய நோயாளிக்கு ஆக்சிஜன் சிலிண்டரைக் கொண்டுவந்து மாட்டினால் சிலிண்டர் காலி, நோயாளி இறந்துவிட்டார். குற்றவியல் சட்டத்தில் ஒருவரைத் தண்டிக்கச் சாதாரணக் கவனக்குறைவு போதாது, மிகக் கடுமையானதாக இருக்க வேண்டும் என்றது நீதிமன்றம். சிலிண்டர் காலியாக இருந்ததற்கு மருத்துவமனை இழப்பீட்டு வழக்கில் பதில் சொல்ல வேண்டி வரலாம். பக்கத்தில் நின்ற மருத்துவர் மீது குற்ற வழக்கு நிற்காது என்று சொல்லி வழக்கையே ரத்து செய்தது. காலியான சிலிண்டருக்குப் பதிலாகக் கரகரத்த வாக்கி டாக்கியை வைத்துப் பாருங்கள்.

போலீஸ் உங்கள் கணவரைச் சாட்சியாக விசாரிக்கலாம். அப்படி எழுதப்படும் வாக்குமூலத்தில் அவர் கையெழுத்திடத் தேவையில்லை. கையெழுத்து வாங்கக் கூடாது என்றே சட்டம் சொல்கிறது. வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுக்கொள்ளட்டும்.

அந்தத் தாள்

கையெழுத்துப் போட வேண்டாம். இதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை.

தீ விபத்து ஒன்றின் விசாரணைக் கோப்பை முன்பு ஒருமுறை நான் புரட்ட நேர்ந்தது. ஒன்பது பேரின் வாக்குமூலம். ஒன்பதிலும் “தொலைத்தொடர்ப்பு” என்று ஒற்று மிகுந்து ஒரே எழுத்துப் பிழை. ஒன்பது பேரும் ஒரே தாளைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். குறுக்கு விசாரணையில் அந்தப் பிழை ஒன்றே போதும், ஒன்பது பேர் சொன்னதும் உதிர்ந்துவிட்டது. அவர்களில் சிலர் மற்ற விஷயங்களில் உண்மையைத்தான் சொல்லியிருந்தார்கள். அதுவும் சேர்ந்து போயிற்று.

உயிரோடு வெளியே வந்த அந்த இன்னொரு வீரர் என்ன சொல்லப் போகிறார் என்று யாருக்கும் தெரியாது. வீடியோ வேறு இருக்கிறது. நாளைக்கு உண்மை வேறு வழியில் வந்தால், தாளை நீட்டிய மூத்தவர் அதில் பெயர் போட்டிருக்க மாட்டார். உங்கள் கணவர் போட்டிருப்பார். ஒருவரைத் தண்டனையிலிருந்து காப்பாற்ற அரசு ஊழியர் பொய்யான ஆவணம் உருவாக்குவது தனிக் குற்றம். இன்று குற்றமே செய்யாமல் இருக்கும் மனிதர், அந்தக் கையெழுத்தால் ஒன்றைச் செய்தவராகிவிடுவார்.

அதற்காக, “வாக்கி டாக்கி பழுது” என்றும் எழுத வேண்டாம். அந்தத் தாள் எப்படி அவருக்குத் தெரியாத ஒன்றை அவர் வாயில் திணிக்கிறதோ, இதுவும் அப்படித்தான். அவர் பார்த்ததையும் கேட்டதையும் மட்டும் எழுதட்டும். “உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. சொற்கள் புரியவில்லை. மூன்று முறை திரும்பக் கேட்டேன். பதில் வரவில்லை. நிலைய அலுவலரை அழைத்தேன். பதில் வரவில்லை. நேரில் சொல்லச் சென்றேன்.” காரணம் என்ன என்று கேட்டால், “எனக்குத் தெரியாது, சாதனங்களைச் சோதித்தால் தெரியும்” என்று சொல்லட்டும். “தெரியாது” என்பது வாக்குமூலத்தில் முழுமையான, மதிப்புள்ள பதில். தன் கையால் எழுதி, ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்திட்டு, அலுவலகத் தபால் பிரிவில் கொடுத்து ஒப்புகை வாங்கிக்கொள்ள வேண்டும். நகல் வீட்டில் இருக்க வேண்டும்.

வேலை போகுமா? உண்மையைச் சொன்னதற்காக ஒரே உத்தரவில் யாரையும் வீட்டுக்கு அனுப்பிவிட முடியாது. அரசியலமைப்பின் 311வது பிரிவின்படி, குற்றச்சாட்டைத் தெரிவித்து, பதில் சொல்ல நியாயமான வாய்ப்பளித்து, விசாரணை நடத்தாமல் பணிநீக்கம் கூடாது. மிக அரிதான விதிவிலக்குகளே உண்டு. ஆனால் ஒரு தொல்லையும் வராது என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். தொலைதூர இடமாற்றம் வரலாம். ஏதோ பழைய காரணத்தைச் சொல்லி ஒரு குறிப்பாணை (மெமோ) வரலாம். அப்படி வந்தால் எதிர்த்து உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போகலாம். அதற்குப் பணமும் மாதங்களும் ஆகும். இதையும் எடைபோட்டுத்தான் சொல்கிறேன்: இடமாற்றத்தோடு வாழ்ந்துவிடலாம். பொய் வாக்குமூலத்தோடு அதே தெருவில், அந்த வீட்டைக் கடந்து தினமும் வேலைக்குப் போக அவரால் முடியாது. மூன்று மாதமாகக் கையெழுத்துப் போடாமல் இருப்பதிலிருந்தே அது தெரிகிறது.

இறந்தவர் குடும்பம்

சாதனக் குறை வெளியே வந்தால் பணம் நின்றுவிடும் என்று உங்களிடம் சொன்னவர் யாராயினும், தவறாகச் சொல்லியிருக்கிறார். அவர் பணியில் இறந்தார். குடும்ப ஓய்வூதியம், அரசு அறிவித்த நிவாரணத் தொகை, கருணை அடிப்படையில் வேலை ஆகியவை பணியில் நேர்ந்த மரணத்துக்காக வருபவை. வானொலி ஓடியதா என்ற கேள்விக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை. கருணை வேலைக்கு இறந்த நாளிலிருந்து 3 ஆண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அந்தப் பெண்ணிடம் இதை இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

உண்மை வெளியே வந்தால் அவருக்குக் கூடுதல் வழிகள்தான் திறக்கும். கட்டட உரிமையாளர் மீது உயிரிழப்பு விபத்துகள் சட்டம் (Fatal Accidents Act), 1855இன் கீழ் இழப்பீட்டு வழக்குப் போடலாம். இதற்குக் காலவரம்பு இறந்த நாளிலிருந்து 2 ஆண்டு. துக்கத்திலும் அலைச்சலிலும் இந்த 2 ஆண்டைத் தவறவிட்ட குடும்பங்களை எனக்குத் தெரியும். பெண் என்ற ஒரே தகுதியில், வருமான வரம்பு பாராமல், மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு அவருக்கு இலவச வழக்கறிஞர் தரும். அழைக்க வேண்டிய எண் 15100.

விசாரணை அறிக்கை, பிணக்கூறு அறிக்கை, சம்பவ நாளின் அழைப்புப் பதிவேடு, வாக்கி டாக்கிகளின் பராமரிப்புப் பதிவு ஆகியவற்றை அவர் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். 10 ரூபாய்க் கட்டணம், 30 நாளில் பதில். மறுத்தால் 30 நாளில் முதல் மேல்முறையீடு. அதற்குப் பின் 90 நாளில் தகவல் ஆணையம். “விசாரணை நிலுவையில் உள்ளது” என்ற ஒற்றை வரியோடு மறுப்பு வந்தால் சோர்ந்துவிட வேண்டாம். கேட்ட தகவலைத் தருவது அந்த விசாரணையை எப்படித் தடுக்கும் என்று அவர்கள் காரணம் காட்டியாக வேண்டும். அதோடு, அன்று பயன்படுத்திய எல்லா வாக்கி டாக்கிகளையும் பேட்டரியோடு கைப்பற்றிச் சோதனைக்கு அனுப்பும்படி விசாரணை அதிகாரிக்கு அவர் பெயரில் பதிவுத் தபால் போகட்டும். மூன்று மாதம் கடந்துவிட்டது. இனி ஒரு வாரம்கூடத் தாமதிக்க வேண்டாம். இரண்டு கைக்கருவிகளுக்கு இடையே நடக்கும் பேச்சு எங்கோ தானாகப் பதிவாகியிருக்கும் என்று நீங்கள் நம்பியிருக்கிறீர்கள். பெரும்பாலும் அப்படிப் பதிவாவதில்லை. அதனால்தான் கருவிகளும், நேரில் இருந்தவர்களின் நினைவும் இவ்வளவு முக்கியம்.

“தியாகத்தைக் கொச்சைப்படுத்தாதீர்கள்” என்று நிலையத்தில் ஒருவர் உங்கள் கணவரிடம் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது ஆறவில்லை. ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 14ஆம் தேதி தீத்தொண்டு நாளில் இவர்கள் எல்லோரும் வரிசையில் நின்று அஞ்சலி செலுத்துகிறார்களே, யாருக்கு? 1944இல் பம்பாய்த் துறைமுகத்தில் ‘ஃபோர்ட் ஸ்டிகின்’ கப்பல் வெடித்தபோது இறந்த 66 தீயணைப்பு வீரர்களுக்கு. பஞ்சு மூட்டைகளோடு சுமார் 1,400 டன் வெடிபொருளும் அந்தக் கப்பலில் இருந்தது. ஆபத்தான சரக்கு இருப்பதை அறிவிக்கும் சிவப்புக் கொடியைக் கப்பல் ஏற்றியிருக்கவில்லை. சொல்லப்பட வேண்டிய ஒன்று சொல்லப்படாத இடத்தில் இறந்தவர்களின் நினைவு நாள் அது. லண்டன் கிரென்ஃபெல் கோபுரத் தீயில் (2017, 72 பேர்) நடந்த விசாரணை, வீரர்களின் துணிச்சலை மனதாரப் பாராட்டிய அதே அறிக்கையில், அவர்களை அனுப்பிய அமைப்பின் தயாரிப்பிலும் பயிற்சியிலும் தகவல் பரிமாற்றத்திலும் இருந்த குறைகளை ஒன்றுவிடாமல் எழுதியது. இரண்டையும் ஒரே தாளில் எழுத முடியும்.

நம் பக்கத்திலும் வரிசை நீளம்தான். 2012 பொங்கல் சமயத்தில் சென்னை எழிலகத்தில் ஒருவர். 2015இல் மும்பை கல்பாதேவியில் தலைமை அதிகாரி உட்பட நால்வர். 2020 தீபாவளியன்று மதுரை விளக்குத்தூண் அருகே ஜவுளிக்கடையில் இருவர். எல்லாம் பழைய கட்டடங்கள், எல்லாம் இடிபாடு. அடுத்த முறை வாசலில் பலகையோடு ஓர் ஆளும், தயாராக இருவரும் நிற்க வேண்டும் என்று யாராவது எழுதிவைக்க வேண்டுமானால், இந்த முறை வாசலில் நின்றவர் பார்த்ததைச் சொல்ல வேண்டும்.

வீடியோ

தொலைக்காட்சிக்குக் கொடுக்க வேண்டாம். அரசு ஊழியர் நடத்தை விதிகள் உங்களைக் கட்டுப்படுத்தாது என்பது சரி. ஆனால் மனைவி மூலம் அவரே கசியவிட்டார் என்று அவர் மீதுதான் குறிப்பாணை வரும். வாக்குமூலத்தின் மதிப்பும் குறையும். அந்தப் பையனிடம் பேசி, வீடியோ எடுத்த அதே போனிலிருந்து அழிக்காமல் வைத்திருக்கச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் பத்துக் கை மாறி வந்த பிரதியைவிட மூலப் பதிவுக்குத்தான் நீதிமன்றத்தில் மதிப்பு. அதற்கான சான்றிதழை அவன் தர வேண்டியிருக்கும். ஒரு பிரதியை விசாரணை அதிகாரியிடம் கடிதத்தோடு கொடுத்து ஒப்புகை பெறலாம். உங்கள் கணவர் “திரும்பச் சொல்லுங்கள்” என்று கத்துவது அதில் கேட்கிறது என்கிறீர்களே, அவருக்கு ஆதரவான மிக வலுவான சாட்சியம் அதுதான். எதிர்க்கடைகளின் கேமராக்களையும் விசாரியுங்கள். பெரும்பாலும் சில வாரங்களில் பழைய பதிவு அழிந்துவிடும் என்றாலும், யாராவது அன்றே எடுத்துவைத்திருக்கக்கூடும்.

ராஜினாமா பற்றி ஒரே வார்த்தை: விசாரணை முடியும்வரை வேண்டாம். இப்போது விலகினால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகத்தான் ஊர் படிக்கும். பணப்பலன்களிலும் இழப்பு வரும். இரவில் திடுக்கிட்டு எழுவது, சைரன் கேட்டால் கை நடுங்குவது, பேசாமல் இருப்பது எல்லாம் இப்படிப்பட்ட இழப்புக்குப் பின் வருகிற, சிகிச்சையால் குறைகிற தொல்லைகள். நான் மருத்துவர் இல்லை, அதனால் மருத்துவரிடம் போகச் சொல்கிறேன். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் இரவிலும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. சிகிச்சை விவரங்கள் ரகசியமாக இருக்க வேண்டும் என்று மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 சொல்கிறது. சாக வேண்டும் என்ற பேச்சு அவர் வாயில் ஒருமுறை வந்தாலும் காத்திருக்காதீர்கள், அன்றே அழைத்துப் போங்கள்.

இன்று இரவே ஒரு நாற்பது பக்க நோட்டை அவர் கையில் கொடுங்கள். மணி அடித்து வண்டி கிளம்பிய நேரத்திலிருந்து எழுதட்டும்: எந்தப் பக்கம் யார் நின்றார்கள், எந்த வாக்கி டாக்கி யார் கையில், புகை எந்த நிறம், குரல் எப்போது வந்தது. நேரம் நிச்சயமில்லை என்றால் “சுமார்” என்று போடட்டும். அடித்துத் திருத்தினாலும் பரவாயில்லை, கிழிக்க வேண்டாம். விசாரணைக்கு இருக்கும் 11 நாளில் நாலைந்து நாள் இதற்குப் போகும். எழுதி முடித்ததும் ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிட்டு, அதிலிருந்து வாக்குமூலத்தைத் தயாரிக்கலாம்.

அதற்குப் பிறகு, அவருக்கு மனம் வரும்போது, இருவருமாக அந்த வீட்டுக்குப் போங்கள். விசாரணை முடியும்வரை வழக்கு விவரம் எதுவும் பேச வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பெண் கேட்ட கேள்விக்கு அவரிடம் பதில் இருக்கிறது: “கூப்பிட்டாரும்மா. எனக்குப் புரியவில்லை. மூன்று தடவை கேட்டேன்.”